வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம்

காலை ஐந்தரை மணிக்கே எங்கள் பகுதிப் பூங்காவின் வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். வாட்ச்மேன் சாவியோடு வந்து சேரும்வரை சர்க்கரை அளவு, மூட்டு வலி, பேரனின் மார்க் என்று பேச்சு ஓடும். கதவு திறந்ததும் எட்டு போட்ட நடைபாதையில் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றத் தொடங்குவார்கள். ஒரு மூலையில் மேல்நிலைத் தொட்டி, அதன் காலடியில் மோட்டார் அறை. அடுத்த மூலையில் அங்கன்வாடி. தெருவை ஒட்டி டிரான்ஸ்ஃபார்மர். இவை போக மிச்சம்தான் பூங்கா. இரண்டு ஊஞ்சலில் ஒன்றுக்குப் பலகை போய்விட்டது, சங்கிலி மட்டும் தொங்குகிறது. பிள்ளைகள் அந்தச் சங்கிலியையும் விடுவதில்லை.

அங்கே தினமும் நடக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒருநாள் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். எண்பதுகளில் மனை வாங்கியபோது கொடுத்த லேஅவுட் நகல். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. மனைகளுக்கு எண், சாலைகளுக்கு அகலம், நடுவே தீப்பெட்டி அளவில் பச்சைப் பென்சில் தீட்டிய ஒரு கட்டம். அதற்குள் ‘பார்க்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“நூத்தி இருபதுக்குத் தொண்ணூறு. நாலரை கிரவுண்டு. இப்ப நாம நடக்குறது ரெண்டரைகூட இருக்காது” என்றார். சற்று நிறுத்தி, “யாரும் ஒரு அடிகூடத் திருடலை சார். எல்லாம் ஊருக்கு நல்லது செய்யறேன்னு எடுத்ததுதான்” என்றார்.

ஆக்கிரமிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரவோடு இரவாகச் சுவர் எழுப்பும் ஆசாமிதான். அவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பகலில், பூமி பூஜை போட்டு, கல்வெட்டு வைத்து, திறந்தவெளியை எடுத்துக்கொள்ளும் நல்ல காரியங்களை என்ன செய்வது? நகரத் திட்டமிடலில் கஷ்டமான கேள்வி அதுதான்.

தானமாக வரும் நிலம்

புறநகரில் புதிய பூங்காவுக்கான நிலத்தை உள்ளாட்சி பெரும்பாலும் விலைகொடுத்து வாங்குவதில்லை. அது ‘ஓ.எஸ்.ஆர்.’ என்ற மூன்றெழுத்தின் வழியாக வருகிறது. திறந்தவெளி ஒதுக்கீடு என்று பொருள். பத்திர எழுத்தர் முதல் மனை புரோக்கர் வரை எல்லோருக்கும் பழகிய சொல்.

கணக்கு இதுதான். மொத்த நிலம் 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் எதுவும் ஒதுக்க வேண்டாம். 3,000 முதல் 10,000 வரை என்றால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணப் பேச்சுக்கே இடமில்லை. 10 சதவீத நிலத்தைத் தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதன் பிறகுதான் லேஅவுட்டுக்கு ஒப்புதல்.

ஐந்து ஏக்கர் லேஅவுட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 20,000 சதுர மீட்டர். கால் பங்கு சாலைக்குப் போனால் மீதி 15,000. அதில் பத்தில் ஒன்று 1,500 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் கிரவுண்டு பூங்கா. மிச்ச நிலத்தில் அரை கிரவுண்டு மனைகளாக ஏறத்தாழ 120 தேறும். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 480 பேர். ஒருவர் பங்குக்கு மூன்று சதுர மீட்டர். ஒரு கட்டிலைப் போட்டு, பக்கத்தில் எழுந்து நிற்கலாம். மாடி எழுப்பி வாடகைக்கு விட்டால் அதுவும் பாதியாகும்.

மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டி சொல்வது ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி. விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றினாலும் நாம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே அந்தப் பத்து சதவீதத்தில் ஓர் அடி குறைந்தாலும் அது உபரியிலிருந்து குறைவதல்ல, பற்றாக்குறையிலிருந்து குறைவது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பத்திரத்தில் ‘தானம்’ என்று இருந்தாலும் அந்த நிலத்தின் விலையை மனை போட்டவர் தன் கையிலிருந்து தருவதில்லை. பூங்காவுக்கும் சாலைக்கும் போன சதுர அடியின் விலை, விற்கும் மனைகளின் விலையில்தான் ஏறுகிறது. பணம் மனை வாங்கியவருடையது, நிலம் ஊருக்குச் சொந்தம், சாவி உள்ளாட்சியின் கையில். இந்த மூன்றும் ஒன்றையொன்று மறந்துபோகும் இடத்தில்தான் பச்சைக் கட்டம் சுருங்கத் தொடங்குகிறது.

116 ஏக்கர் என்ன ஆனது?

திறந்தவெளி கரைவது புறநகரின் நோய் மட்டுமில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வருபவர்கள் ஒரு பெரிய பூங்காவின் மேல்தான் நடக்கிறார்கள்.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், நெரிசலில் திணறிய கறுப்பர் நகரத்து மக்கள் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று ‘பீப்பிள்ஸ் பார்க்’ அமைக்க முனைந்தார். சுமார் 116 ஏக்கர். குளங்கள், பாதைகள், பிறகு மிருகக்காட்சிசாலையும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் இதை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தது பழைய மெட்ராஸ் பேச்சு.

பிறகு ஒவ்வொன்றாக நல்ல காரியங்கள் வந்தன. 1880களில் நகரத்துக்குப் பொது மண்டபம் வேண்டுமென்று விக்டோரியா பப்ளிக் ஹால். 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் ரிப்பன் கட்டடம். பின்னர் விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானதும் அந்த இடத்தில் ரயில்வே வளாகம். மிருகங்களும் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று எஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு.

இந்தப் பட்டியலில் எதை வேண்டாம் என்பீர்கள்? மண்டபம், சந்தை, ஆட்ட மைதானம், ரயில், எல்லாமே ஊருக்குத் தேவை. வேடிக்கை என்னவென்றால், நகரத்துப் பூங்காக்களையெல்லாம் காக்க வேண்டிய மாநகராட்சியின் தலைமையகமே பூங்கா நிலத்தில் எழுந்தது. அந்தக் கட்டடம் தாங்கியிருப்பதோ, 1882இல் உள்ளாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயரை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இதே ஊரில் உண்டு. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை அமைத்தபோது, நடுவில் பூங்காவை வைத்து அதிலிருந்து சாலைகளை இழுத்தார்கள். பனகல் பூங்கா நூற்றாண்டு நெரிசலைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் அந்த வரிசைதான். ஏரியை இழந்ததற்கான விலையை நாம் மழைக்காலத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம், அது வேறு கணக்கு. ஆனால் வீடுகள் வருவதற்கு முன்பே திறந்தவெளிக்கு இடம் குறித்தார்கள் என்பது இன்றைக்கும் பாடம்.

அப்படிக் குறித்த இடத்துக்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது. செனாய் நகர் திரு.வி.க. பூங்கா, அடியில் மெட்ரோ நிலையம் கட்ட 2011இல் மூடப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலாகக் கதவு திறக்கவில்லை. அந்தத் தெருக்களில் அப்போது ஐந்து வயதாக இருந்த பிள்ளை, ஊஞ்சல் ஆடும் வயதை அதற்குள் கடந்துவிட்டது.

கூடமா, மரமா?

எங்கள் பூங்காவில் அங்கன்வாடி வந்த கதையைக் கேட்டேன். அப்போது எங்கள் பகுதி கிராம ஊராட்சி. பிள்ளைகள் ஒரு வாடகைத் திண்ணையில் இருந்தார்கள். கட்டடத்துக்குப் பணம் வந்தது, நிலம் இல்லை. ‘சும்மா கிடக்கிற’ இடம் ஊராட்சி கையில் ஒன்றுதான் இருந்தது. மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். முடிவெடுக்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

அந்த ஊராட்சித் தலைவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கன்வாடி, நூலகம், சமுதாயக் கூடம், ரேஷன் கடை, நலவாழ்வு மையம் இவையெல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டியவைதான். தவறு, இவற்றுக்கு லேஅவுட்டிலேயே இடம் குறிக்காமல் விட்டதில் இருக்கிறது. பூங்காவுக்கு மட்டும் கட்டம் போட்டுவிட்டு மற்றவற்றை மறந்தால், மறந்தவை எல்லாம் ஒருநாள் அந்தக் கட்டத்தின் கதவைத்தான் தட்டும்.

இதை அரசும் உணர்ந்திருக்கிறது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்களில் பூங்கா நிலம் போக இன்னொரு 1 சதவீதம் பொதுப் பயனுக்கு ஒதுக்க வேண்டும். அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. டிரான்ஸ்ஃபார்மர் இனிப் பூங்காவுக்குள் வரத் தேவையில்லை. ஆனால் உள்ளாட்சிக்கு வரும் அரை சதவீதம் என்பது நம் ஐந்து ஏக்கர் கணக்கில் 75 சதுர மீட்டர், ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கு. அதில் அங்கன்வாடி கட்டலாம், நூலகத்துக்கு இடமிருக்காது. லேஅவுட் லேஅவுட்டாகப் பார்க்காமல் ஒரு வார்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்து, எங்கே கூடம், எங்கே திடல் என்று உள்ளாட்சி முன்கூட்டியே முடிவு செய்தால்தான் இந்தத் துண்டுகளுக்கு அர்த்தம் வரும்.

பட்டியல் என்னும் காவல்

சட்டம் இல்லையா? இருக்கிறது, அதுவும் பழைய சட்டம். 1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லையில் உள்ள பூங்கா, திடல், திறந்தவெளி அனைத்தையும் பட்டியலிட்டு, வரைபடத்தோடு அரசுக்கு அனுப்ப வேண்டும். அரசு ஒப்புதல் தந்தபின், பட்டியலில் உள்ள இடத்தை அரசின் அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. சட்டத்தின் முழு பலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் ஏறாத பூங்காவுக்கு மரம்தான் சாட்சி, மரத்தை வெட்டினால் சாட்சியும் இல்லை.

நீதிமன்றங்களும் கைவிடவில்லை. பெங்களூரில் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று குறித்த நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இழப்பீடு இல்லாமல் 10 சதவீத நிலத்தைத் தானமாக வாங்குவது சொத்துரிமைக்கு எதிரானது என்று சென்னையில் எழுந்த வழக்கிலும், 2023 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் ஓ.எஸ்.ஆர். விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளை 12ஆவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. நகரத் திட்டமிடல் முதலாவது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் பன்னிரண்டாவது. நடைமுறையில் சென்னைப் பகுதியின் திட்டத்தைத் தீட்டுவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம், புல் வெட்டுவது மாநகராட்சி. கோடு போடுபவர் ஒருவர், கோட்டைக் காப்பவர் வேறொருவர். கிராம ஊராட்சி நகரத்தோடு இணையும்போது மூன்றாமவர் வருகிறார். பழைய ஊராட்சியின் பீரோவில் இருந்த தானப் பத்திரங்கள் புதிய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தனவா, பட்டா பெயர் மாறியதா என்பதைப் பொறுத்தே பல பச்சைக் கட்டங்களின் விதி அமைகிறது.

2011இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2022இல் பெருநகர்த் திட்டப் பகுதி 1,189லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் வயல்வெளிகளில் இன்று நடப்படும் மனைக் கற்கள்தாம் அடுத்த தலைமுறையின் பூங்காவை முடிவு செய்கின்றன.

குடிமகனின் வேலை

பூங்காவைக் காக்கப் போராட்டம் முதல் வேலையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் லேஅவுட்டின் ஒப்புதல் எண்ணைத் தேடுங்கள். வரைபடத்தில் பூங்காவின் சர்வே எண்ணைப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டால் தானப் பத்திரம் பதிவானதா என்று தெரியும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை இணையத்திலேயே பார்க்கலாம். பிறகு ஏரியா சபைக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: “1959 சட்டத்தின் பட்டியலில் நம்ம பார்க் இருக்கா?” 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் நகர்ப்புறங்களில் தொடங்கிய அந்தச் சபைகளில் சாக்கடை, தெருவிளக்கு பற்றிய புகார்களே முதலில் எழுகின்றன. அவையும் தேவைதான். ஆனால் எரியாத விளக்கை நாளைக்கும் மாட்டலாம், போன நிலம் திரும்பாது.

போன வாரம் ஆசிரியரோடு பிரதான சாலை வரை நடந்தேன். எதிர்ப்புறம், இரண்டு வருடம் முன்புவரை நெல் விளைந்த இடத்தில் செம்மண் கொட்டி, வரிசையாக வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். வாசலில் பெரிய விளம்பரப் பலகை. அதில் லேஅவுட் வரைபடம், நடுவே பளபளவென்று ஒரு பச்சைக் கட்டம், அதற்குள் ஊஞ்சலில் ஒரு குழந்தை. ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை உயர்த்திப் பலகை முழுவதும் விழும்படி படம் எடுத்தார்.

“இங்கே மனை வாங்கப் போறீங்களா சார்?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. தேதியோட ஒரு நகல் இருக்கட்டும்” என்றார்.