நரம்பு முளைக்கும் திசை

பைக் விபத்தில் கழுத்தோர நரம்புக்கட்டு அறுந்தவருக்கு, மருத்துவர் அதைத் தைத்து இணைத்த பிறகும் விரல்கள் அசைவதில்லை. அறுந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை வரை 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 700 நாட்கள் ஆகும். அதற்குள் கைத்தசை சூம்பிவிடுகிறது. வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் நரம்பிழையை வளர்ப்பவை என்றால், அவற்றை ஊசியில் ஏற்றி வேகத்தைக் கூட்டலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பயிருக்கு உரம் தூவுவதுபோல இதை நினைப்பதில்தான் கோளாறு. இந்தப் புரதம் எங்கே சுரக்கிறது, எப்போது நிற்கிறது என்பதில்தான் நரம்பின் மீட்சி அடங்கியிருக்கிறது.

1952-இல் ரியோ டி ஜெனிரோவில் ரீட்டா லெவி மொண்டால்சினி, கோழிக்கருவின் நரம்பு முடிச்சையும் சுண்டெலியின் புற்றுக்கட்டித் துண்டையும் அருகருகே வைத்து வளர்த்தார். முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர்கள்போல இழைகள் முளைத்தன. அதற்குக் காரணமான புரதத்தை ஸ்டான்லி கோஹன் பிரித்தெடுக்க, 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1979-இல் வெளியான ஒரு சோதனை இன்னும் நுட்பமானது. நுண்குழாயிலிருந்து அதே புரதத்தைக் கசியவிட்டபோது, வேறு பக்கம் போய்க்கொண்டிருந்த இழையின் நுனி குழாயை நோக்கித் திரும்பியது. அதாவது, இது இழைக்கு ஊட்டமும் தருகிறது, வழியும் காட்டுகிறது.

கை கால் நரம்பு அறுபட்டால் இந்த வேலையை, நரம்பிழைக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தும் ஷ்வான் செல்கள் ஏற்கின்றன. அந்த உறையைக் கைவிட்டு, வெட்டுக்கு அப்பால் வரிசை கட்டி நின்று, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து இழையை வரவேற்கின்றன. மாதங்கள் செல்லச் செல்ல அந்தச் சுரப்பு வற்றிவிடுகிறது. வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதுமே? எலிகளின் நரம்பில் ஜிடிஎன்எஃப் என்ற காரணியை ஓயாமல் சுரக்கும்படி மரபணுவைச் செலுத்திப் பார்த்தார்கள். இழைகள் ஏராளமாக வந்தன. வந்தவை அங்கேயே சுருண்டு முடிச்சிட்டுக்கொண்டன. மிட்டாய்க் கடையை விட்டு நகராத குழந்தைகள்போல, தசைவரை போகவே இல்லை.

லெவி மொண்டால்சினி கண்ட அந்தப் புரதம் கண் சொட்டு மருந்தாக வெற்றி பெறவில்லையா என்று கேட்கலாம். நரம்புக் குறைபாட்டால் கருவிழியில் வரும் புண்ணுக்கு 2018-இல் அமெரிக்கா அதை அனுமதித்தது உண்மை. கருவிழியோ அரை மில்லிமீட்டர் தடிமன். சொட்டு விழும் இடமும் நரம்பு முளைக்க வேண்டிய இடமும் ஒன்று. அதையே ஊசியாகப் போட்டு நீரிழிவு நரம்புப் பாதிப்பில் நடத்திய பெரிய சோதனை தோற்றது. வலியுணர்வைத் தூண்டும் புரதம் அது. ஊசி போட்ட இடமே வலித்தது. தண்டுவடம் சொல்வதும் இதுதான். 1981-இல் டேவிட், அகுவாயோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலியின் கால் நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தபோது, வளரவே வளராது எனக் கருதப்பட்ட மைய நரம்பிழைகள் அதனுள் சென்டிமீட்டர் கணக்கில் ஓடின. மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. உள்ளே நுழைந்த இழையை அழைக்க அங்கே ஆளில்லை. தடுக்கும் புரதங்கள் மட்டும் இருந்தன.

எனவேதான் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட எலிச் சோதனை எனக்கு நம்பிக்கை தருகிறது. அவர்கள் ஜிடிஎன்எஃப் மரபணுவோடு ஒரு விசையையும் வைத்தார்கள். எலிக்காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் டாக்ஸிசைக்ளின்தான் அந்த விசையை இயக்கும் மருந்து. அதைக் கொடுத்தால் சுரப்பு தொடங்கும், விட்டால் அடங்கும். ஒரு மாதம் சுரக்கவிட்டு நிறுத்தினார்கள். தங்கிப்போயிருக்க வேண்டிய இழைகள் கிளம்பித் தசையை நோக்கி வளர்ந்தன.