மணவாளக்குறிச்சி மணலும் ஒரு கிடார் காந்தமும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் கறுப்பு மணலைத் தேடி 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் வந்தார். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டு, அது எந்தக் கரை மணல் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர் அவர். அவருக்கு வேண்டியிருந்தது தோரியம். அன்றைய கேஸ் விளக்கு மேண்டில்கள் அதில்தான் ஒளிர்ந்தன. இன்று உலகம் அதே மோனசைட்டில் நியோடைமியத்தைத் தேடுகிறது. 1982இல் ஜப்பானில் மசாத்தோ சகாவா அந்த நியோடைமியத்தோடு இரும்பும் போரானும் சேர்த்துச் செய்த காந்தத்தை வலுவில் மிஞ்ச, கடையில் கிடைக்கும் வேறு காந்தம் எதுவும் இன்றுவரை இல்லை. 

குளச்சலிலிருந்து கன்னியாகுமரி வரை இதே கரையோரக் கிறிஸ்தவக் கோயில்களின் பாடகர் குழுக்களில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஓர் எலெக்ட்ரிக் கிடாரையும் பார்க்கலாம். அதன் நெக் பிக்கப், அதாவது தந்தியைத் தாங்கும் குதிரையை (பிரிட்ஜ்) விட்டுத் தள்ளி, கழுத்தை ஒட்டி இருந்து காந்தத்தால் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், செத்துப்போனால் புதிதாக எதை வாங்குவது? 'நல்ல பவரானதா ஒண்ணு போடு' என்றுதான் முதலில் யோசனை வரும். நெக் பிக்கப் விஷயத்தில் அந்த யோசனை தலைகீழ். அந்த இடத்துக்கு வேண்டியது வலு குறைந்த காந்தம்.

பிக்கப் ஒரு மைக் அல்ல. காற்றில் வரும் ஒலி அதற்குக் கேட்காது. ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைமுடிப் பருமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஏறத்தாழ 8,000 சுற்று. காந்தத்துக்கு மேலே ஓடும் எஃகுத் தந்தியும் சற்றுக் காந்தமாகிவிடுகிறது. தந்தி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்சாரமாகிறது. 1831இல் ஃபாரடே கண்டதற்கு மேல் இதில் புதிதாக ஒன்றுமில்லை. நைலான் தந்தி போட்டால் பிக்கப் ஊமையாகிவிடும் என்பதற்கும் இதுவே காரணம்.

எல்லா வேடிக்கையும் பிக்கப்பை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடாரில் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். நெக் பிக்கப் குதிரையிலிருந்து சுமார் 162 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. சரியாகக் கால் பங்கு. திறந்த தந்தியின் அடிப்படை அதிர்வு அந்த இடத்தில் தன் முழு வீச்சில் 70 விழுக்காட்டை எட்டிவிடும். குதிரையருகே இருக்கும் பிக்கப்புக்கு மேலே அதே அதிர்வின் வீச்சு 20 விழுக்காடுதான். ஒரே காந்தம், ஒரே சுருள் என்றாலும் நெக் பிக்கப்பில் அந்த அதிர்வு மூன்று மடங்குக்கு மேல் பலமாக வரும். ஆகவே அதைத் தணித்துச் சுற்றுவதும், தந்தியைவிட்டுச் சற்றுக் கீழே இறக்கி வைப்பதும் வழக்கம்.

இன்னொன்று, கையை நகர்த்தினால் கேட்பது. கால் பங்கில் நிற்கும் பிக்கப்புக்குத் திறந்த தந்தியின் நான்காவது இசைச்சுரம் (ஹார்மோனிக்) கேட்காது. அந்தச் சுரத்துக்குத் தந்தி அசையாமல் நிற்கும் புள்ளி அது. ஐந்தாவது ஃப்ரெட்டில் விரலை வையுங்கள். ஒலிக்கும் தந்தி 486 மில்லிமீட்டராகச் சுருங்கும். பிக்கப் இப்போது மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறது. மூன்றாவது சுரம் மறைகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போனால் பிக்கப் தந்தியின் நட்டநடுவில். இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைச் சுரங்கள் அத்தனையும் தேய்ந்துபோய் ஒற்றைச் சுரங்கள் மட்டும் மிஞ்சும். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியிலும் இரட்டைச் சுரங்கள் மெலிந்தே இருக்கின்றன. நெக் பிக்கப்பில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டருகே வாசிக்கும்போது வரும் அந்த உருண்ட, உள்ளே வெறுமையான குரல் எந்த பிராண்டின் மந்திரமும் அல்ல, வெறும் பின்னக்கணக்கு. எந்த பிக்கப்பை மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. பிக்கப் ஒரு புள்ளியை அல்லாமல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலத்தைக் கேட்பதால் அந்தச் சுரங்கள் முற்றாக மறைவதில்லை, அவ்வளவுதான்.

இனி காந்தம். தந்தி அதிகம் ஆடும் இடத்தில் பலத்த காந்தத்தை வைத்தால் அது தந்தியைப் பிடித்து இழுக்கும். சுரம் சற்றுப் பிசகும், ஒலி சீக்கிரம் அணையும், தடித்த தந்திகளில் ஒரே சுரம் இரண்டாகக் கேட்கும். புதிதாக மாட்டிய பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகே ஏற்றிவிட்டு 'கிடார் சுருதி நிற்கமாட்டேங்குது' என்று புலம்புபவர்கள் பலர். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தடித்த தந்திப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பாருங்கள்.

நியோடைமியத்துக்கு இங்கே அதனால்தான் பெரிய மவுசு இல்லை. கிடார் உலகம் இன்னும் நம்புவது ஆல்நிக்கோவை: அலுமினியம், நிக்கல், பெரும்பாலும் கோபால்ட், மீதி இரும்பு. இந்தக் குடும்பத்தின் மூலக் கலவையை 1931இல் ஜப்பானியர் மிஷிமா உருவாக்கினார். இதிலும் எண்கள் உண்டு. ஐந்து வலிது, இரண்டும் மூன்றும் மெலிது. குதிரையருகே ஐந்து, கழுத்தருகே இரண்டு அல்லது மூன்று என்று பிரித்துப் போடுவதை நான் நல்ல யோசனை என்பேன். விலை குறைந்த கிடார்களில் பிக்கப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்பாகத் தட்டையான ஃபெரைட் காந்தம் ஒட்டியிருக்கும். மேலே தெரியும் ஆறு முளைகளும் வெறும் எஃகு. சுருளுக்குள் எஃகு இருப்பதால் அதன் தூண்டல் கூடி, ஒலி கொஞ்சம் மந்தமாகும். அப்படிப்பட்ட கிடாருக்குத்தான் மாற்று பிக்கப் போட்டதும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முளைகளின் உயரத்தையும் பாருங்கள். பழைய மாதிரியில் மூன்றாவது தந்திக்குரிய முளை உயர்ந்து நிற்கும். 1950களில் அந்தத் தந்தி கம்பி சுற்றிய தடித்த தந்தி, அதற்கு அந்த உயரம் தேவைப்பட்டது. இன்று அங்கே இருப்பது வெறும் எஃகுத் தந்தி. உயர்ந்த முளையின் மேல் அது மட்டும் தனியாகக் கத்தும்.

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் எண் கிலோ ஓம். அதை வைத்து வலுவை எடை போடுவது ஏமாற்று. கம்பியை மெலிதாக்கினாலே ஓம் கூடிவிடும். போதாததற்கு, செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் 0.4 விழுக்காடு ஏறும். 20 டிகிரி அறையில் 6 கிலோ ஓம் காட்டும் சுருள், நாகர்கோவிலின் சித்திரை மாத 35 டிகிரியில் சுமார் 6.35 காட்டும். பிக்கப் அதேதான், வெயில் மட்டும் வேறு.

கேட்க வேண்டிய எண் ஹென்றி கணக்கில் வரும் தூண்டல். அது 2.4 ஹென்றி என்று வையுங்கள். பிக்கப்பும் கேபிளும் சேர்ந்து 500 பிக்கோஃபாரட் மின்தேக்கம் தந்தால், ஒலி 4,600 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் தொட்டு அதற்கு மேல் சரியும். நீண்ட கேபிள் போட்டு அதை 1,000 ஆக்கினால் உச்சம் 3,250க்கு இறங்கிவிடும். பீடத்துப் பக்கம் நிற்கும் கிடாரிலிருந்து எதிர்மூலை ஆம்ப் வரை இழுத்த கேபிளே மணியோசையைத் தின்றுகொண்டிருக்கலாம். புது பிக்கப்புக்குப் பணம் எடுக்கும் முன் குட்டைக் கேபிள் ஒன்றைப் போட்டுக் கேட்பது செலவில்லாத சோதனை.

இப்படி ஒரே சுருளுள்ள 'சிங்கிள் காயில்' பிக்கப்பின் பிறவிக்குணம் இரைச்சல். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலமும் அதே சுருளுக்குள் புகுந்து 'ம்' என்று முனகும். திருவிழாவில் சீரியல் பல்பும், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் சேர்ந்தால் முனகல் 'ஸர்ர்' என்று கரகரப்பாக மாறும். உலோக மூடி மின்புலத்தால் வரும் இரைச்சலைத்தான் தடுக்கும்; காந்தப்புலத்தை அது தடுக்காது. கிடாரோடு சற்றுத் திரும்பி நின்றால் முனகல் குறைவதைக் கேட்கலாம். இரண்டு சுருளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த 'நாய்ஸ்லெஸ்' வகை முனகலைத் தீர்க்கும். குரலும் கொஞ்சம் மாறும். மின்சாரச் சுத்தம் இல்லாத இடத்தில் வாசிப்பவர் அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஒன்றை மட்டும் மாற்றுபவர் திசையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. புதியதன் காந்தமுனையும் சுற்றின் திசையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பக்கத்து பிக்கப்போடு சேர்த்துப் போடும்போது ஒலி மெலிந்து மூக்கால் பேசும், அல்லது அங்கே அடங்கியிருந்த முனகல் திரும்ப வரும். முனையைத் திசைகாட்டி சொல்லும்.   இங்கே பூமியின் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. ஆல்நிக்கோ ஐந்தின் முளை மேல் அதைப்போல் 2,500 மடங்கு இருக்கும். திசைகாட்டியை ஒட்ட வைத்தால் அதன் முள்ளே முனை மாறிவிடக்கூடும். அரை அடி தள்ளியே பிடியுங்கள். சுற்றின் திசைக்கு முள் ஆடும் பழைய மல்ட்டிமீட்டர் போதும். இரண்டு வயரிலும் மீட்டரை மாட்டி, முளைகள் மேல் வைத்த ஸ்குரூடிரைவரை வெடுக்கென்று எடுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். பக்கத்து பிக்கப்பும் புதியதும் ஒரே பக்கம் துள்ளினால் சரி.

ஆனால் பழையது உண்மையிலேயே செத்ததா? கடற்கரை ஊர்களில் சுருளின் மெல்லிய கம்பியை உப்புக்காற்று அரிக்கும். மீட்டர் அளவே காட்டாது. வயர் பற்றவைத்த கண்ணில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அறுந்தது வெளிச்சுற்றின் முனை என்றால் ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, திரும்பப் பற்றவைத்தாலே பிக்கப் பேசும். உட்சுற்றின் முனை அறுந்திருந்தால் 8,000 சுற்றையும் கழற்றிப் புதிதாகச் சுற்ற வேண்டியதுதான்.