நாளையைக் கட்டும் கடல்குதிரை

சுட்டிகளே, பள்ளி ஆண்டு விழா மேடையில் ஏறிப் பேசுவதாக ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மைக், விளக்கு, முன்வரிசையில் அம்மா, எல்லாம் தெரிகிறதா? இன்னும் நடக்கவே இல்லை, எப்படித் தெரிகிறது?

நம் மூளையில், காதுக்கு உட்புறமாக, கடல்குதிரை போல வளைந்த ஒரு பகுதி பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. பெயர் ஹிப்போகேம்பஸ். நடந்தவற்றை நினைவில் பதிப்பதுதான் இதன் வேலை என்று வெகுகாலம் நினைத்தார்கள். 2007-இல் லண்டனில் மூளை ஆய்வாளர் டெமிஸ் ஹசாபிஸ் குழுவினர், இந்தப் பகுதி பழுதடைந்த சிலரிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முழுக் காட்சியைச் சொல்ல முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆக, நினைவுகளைப் பதிக்கும் அதே பகுதிதான் நாளையைக் கற்பனையில் கட்டவும் உதவுகிறது! (இந்த ஹசாபிஸ் 2024-இல் வேறோர் ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.)

ஆனால் இனிக்க இனிக்கக் கனவு கண்டால் மட்டும் போதுமா? போதாது. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் அறிஞர் காப்ரியேலே எட்டிங்கன், உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களை ஆராய்ந்து 1991-இல் எழுதினார். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை நன்றாகக் குறைந்தது. எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டதாகக் கனவில் மிதந்தவர்களுக்கோ குறைவாகவே குறைந்தது. வேலை முடிந்தது என்று மனம் ஓய்வெடுத்துவிடுகிறதாம்.

அதனால் அவர் ஒரு வழி சொல்கிறார். ஆசையை நினை, அது நிறைவேறினால் எப்படி இருக்கும் என்று பார், உடனே குறுக்கே நிற்கும் தடையையும் பார், அது வந்தால் என்ன செய்வாய் என்று முடிவு செய். 'மேடையில் கை நடுங்கினால், அம்மாவைப் பார்த்து முதல் வரியைச் சொல்வேன்.' அவ்வளவுதான்! எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தடையைப் பார்க்கும் இடம். பயத்தை ஒளித்துவைக்காத நம்பிக்கை அது.

உலக நாடுகளும் ஒருமுறை இப்படித் தடையைப் பார்த்துத் திட்டமிட்டன. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் ஓட்டை விழுந்ததுபோல மெலிந்துபோனதை 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த, அந்தப் படலத்தை அரிக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுதான் தடை. 1987-இல் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் போட்டு, அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். இதே வழியில் தொடர்ந்தால், 2066 வாக்கில் அந்த ஓட்டை ஆறி, படலம் 1980-இல் இருந்த அளவுக்குத் திரும்பிவிடும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள்.

அப்போது உங்களுக்கு என்ன வயதிருக்கும், என்ன வேலை செய்துகொண்டிருப்பீர்கள்? நடுவில் வரக்கூடிய ஒரு தடையையும் சேர்த்து, எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.