புளித்துப்போனது டோனா, விரலா?

“அண்ணே, அந்த எலெக்ட்ரிக் பியானோ டோன் மட்டும் வேணாம்ணே. கல்யாண ரிசப்ஷன் கச்சேரி மாதிரி இருக்கு.”

சாலிகிராமத்தில், படுக்கையறை ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருக்கும் இளம் இசையமைப்பாளர் இப்படிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர், மெல்லிசைக் குழுக்களிலும் ரெக்கார்டிங்கிலும் நாற்பது வருடம் கீபோர்டு வாசித்த பெரியவர். அவருக்குக் கோபம் வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் வரிசைகட்டி நின்ற பச்சைக் கட்டங்களைக் காட்டி, “இதை யாரு வாசிச்சது தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“யாரும் வாசிக்கலண்ணே. மௌஸ்ல போட்டேன்.”

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கீபோர்டுக்கு முன் உட்கார்ந்தார். டோனை மாற்றவில்லை. திரையில் இருந்த அதே நான்கு கார்டுகள். முதல் கார்டைக் கட்டைகள் மேல் கை பட்டும் படாமலும் வாசித்தார். மணி அடித்து ஓய்ந்த பிறகு காதில் நிற்குமே, அப்படி ஒரு நாதம். மூன்றாவது கார்டில் சுண்டுவிரலை மட்டும் ஓங்கி இறக்கினார். மேல் ஸ்வரம் தனியாகக் கணீரென்று எழுந்தது. நான்காவதை ஒரு மூச்சு தாமதித்துப் போட்டார்.

“டோனை மாத்திட்டீங்களா?”

“இல்லையே. அதேதான்.”

அந்தப் பாட்டில் கடைசியில் அந்த டோன் இடம்பெறவில்லை. வேறு ஏதோ போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் நான் தேடிப்போன கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. எழுபது, எண்பதுகளின் கீபோர்டு சத்தத்தை ‘சீப்பா இருக்கு’, ‘ட்ரூப் வாடை அடிக்குது’ என்று இன்று ஒதுக்குகிறோம். அந்த டோன் புளிக்கவில்லை. அதைத் தொட வேண்டிய விரலைத்தான் நாம் எங்கோ தொலைத்துவிட்டோம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்த பியானோ

இரண்டாம் உலகப்போர் சமயம். அமெரிக்க ராணுவ விமானப் படையில் இருந்த ஹரால்டு ரோட்ஸ் ஒரு பியானோ வாத்தியார். காயம்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வீரர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க அவருக்கு ஆசை. வார்டுக்குள் பியானோவை உருட்டிக்கொண்டு போக முடியுமா? பி-17 குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியக் குழாய்களை வெட்டி, 29 கட்டைகள் கொண்ட குட்டிப் பியானோ ஒன்றைச் செய்தார். படுத்த படுக்கையாக இருப்பவர் மடியில் வைத்து வாசிக்கலாம். குண்டு போட்ட விமானத்தின் குழாய், அடிபட்டவன் மடியில் பாட்டாக மாறியது. ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவின் மூதாதை அதுதான்.

பிறகு வந்த ரோட்ஸ் பியானோவின் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் ரகசியம் புரியும். கட்டையை அழுத்தினால் சின்னச் சுத்தியல் எழும்பி, குச்சி போன்ற ஓர் எஃகுக் கம்பியை அடிக்கும். கம்பியும் அதோடு சேர்ந்த உலோகப் பட்டையும் இசைக்கவைபோல அதிரும். எதிரே இருக்கும் காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றும். மெதுவாகத் தட்டினால் கம்பி லேசாக அசையும், மணி போலத் தெளிந்த நாதம் வரும். ஓங்கித் தட்டினால் கம்பி அகலமாக ஆடும், நாதம் கரகரத்து உறுமும். ஒரே கட்டைக்குள் கெஞ்சலும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. எது வர வேண்டும் என்பதை விரல்தான் முடிவு செய்கிறது.

இதன் பங்காளியான வுர்லிட்சரில் கம்பிக்குப் பதில் எஃகு நாக்குகள். 1959-ல் ரே சார்ல்ஸ் ‘வாட்’ட் ஐ ஸே’ பாட்டை ஆரம்பித்தது அதில்தான். 1969-ல் மைல்ஸ் டேவிஸ் ‘இன் எ சைலன்ட் வே’ ஆல்பத்துக்கு ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல் என்று மூன்று பேரை மின் கீபோர்டுகளின் முன் உட்காரவைத்தார். இன்று போட்டுக் கேளுங்கள். ‘பழசு’ என்று சொல்லத் தோன்றலாம், ‘சீப்’ என்று சொல்ல வாய் வராது.

எல்லோர் வீட்டிலும் ஒரே சாம்பார்

அப்படியானால் அந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? 1983-லிருந்து.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1967-ல் ஜான் சௌனிங் ஒன்றைக் கவனித்தார். ஒரு ஸ்வரத்தை மெல்ல அசைத்தால் நம் காதுக்கு அசைவு கேட்கும். அதே அசைவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை என்று வேகப்படுத்திக்கொண்டே போனால், அசைவு மறைந்து வேறொரு புதிய நாதம் பிறக்கும். எஃப்எம் சிந்தசிஸ் என்கிற இந்த முறைக்கு யமஹா உரிமம் பெற்று, 1983-ல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாகக் கொண்டுவந்தது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள், உள்ளே 32 டோன்கள். அதில் ஒன்றின் பெயர் ‘இ.பியானோ 1’.

ரோட்ஸின் கனத்தைத் தூக்கிச் சுமந்து முதுகு ஒடிந்தவர்களுக்கு அது வரமாக வந்தது. கண்ணாடி வளையல் குலுங்குவது போன்ற அந்த டோன், விட்னி ஹூஸ்டனின் ‘கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்’ உட்பட அந்தக் காலத்து மென்மையான பாடல்கள் பலவற்றில் புகுந்தது. டிஎக்ஸ்7-ல் புது டோன் செய்வது லேசான வேலை இல்லை. திருகுவதற்குக் குமிழ்கள் கிடையாது; தட்டையான பொத்தான்களும் ஒரு சின்னத் திரையும்தான். அதனால் கம்பெனி கொடுத்த டோனையே எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தெருவில் எல்லார் வீட்டிலும் தினமும் ஒரே சாம்பார் கொதித்தால் வாசனை என்ன ஆகும்? சலிப்பு அங்கே ஆரம்பித்தது.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன இன்னொரு விஷயத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். டிஎக்ஸ்7-ன் கட்டை விரலின் வேகத்தை அறியும். மெதுவாகத் தொட்டால் உருண்டையான சத்தம், வேகமாக இறக்கினால் உலோகப் பல் தெரியும் சத்தம். வாயில் வைத்து ஊதி, மூச்சாலேயே நாதத்தை வளைக்கும் ஒரு சின்னக் கருவியைக்கூட அதில் இணைக்கலாம். கம்ப்யூட்டர் யுகத்துக் கருவிதான், ஆனாலும் உடம்புக்குக் கட்டுப்பட்டது.

நம் ஊரிலும் இந்தக் கருவிகளுக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் மறைந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்தது. அந்த வீட்டுப் பையன் சிறு வயதிலேயே மற்றவர்களின் குழுக்களில் கீபோர்டு வாசிக்கப் போனார், அவர்தான் ஏ.ஆர்.ரஹ்மான். வாடகைக்கு எடுத்த கீபோர்டு ஒரு கால்ஷீட்டுக்கு மட்டும் கையில் இருக்கும் என்றால், அதன் ஒவ்வொரு கட்டையையும் விரல் எப்படித் தேடித் தொட்டிருக்கும்!

“மாமா, இது ஏன் கத்துது?”

‘இதெல்லாம் வெறும் தலைமுறை ரசனை, நம் அப்பாக்களுக்கு இனித்தது பிள்ளைகளுக்குப் புளிக்கும், பேரன்களுக்கு மறுபடி இனிக்கும்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2021-ல் ரோட்ஸ் புது மாடலோடு திரும்பி வந்ததே, கேட்க ஆள் இருப்பதால்தான். ஆனால் ரசனை சுழன்று வரும். தொலைந்துபோன விரல் தானாகத் திரும்பி வருமா? என் கவலை எல்லாம் அதுதான்.

தாம்பரத்தில் என் அக்கா மகள் இரண்டு வருடமாகக் கீபோர்டு கிளாஸ் போகிறாள். கெட்டிக்காரி. போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் நிஜப் பியானோ இருந்தது. ஆசையாக உட்கார்ந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை ஆரம்பித்தாள். மூன்றாவது ஸ்வரத்திலேயே கையை எடுத்துவிட்டாள். “மாமா, இது ஏன் கத்துது?”

வீட்டில் அவளுக்கு நாங்கள் வாங்கிக்கொடுத்த கீபோர்டில் தொடு உணர்வு கிடையாது. பூவாகத் தொட்டாலும் குத்தினாலும் ஒரே சத்தம். இரண்டு வருடத்தில் அவள் விரல் கற்றுக்கொண்டது, எந்தக் கட்டை, எப்போது என்பதை மட்டும்தான். எவ்வளவு என்கிற கேள்வியே அவள் விரலுக்குத் தெரியாது. இடது கை ஒரு கார்டைப் பிடித்தால் ‘ஸ்டைல்’ என்கிற பொத்தான் தாளத்தையும் பேஸையும் தானே போட்டுவிடுகிறது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கிக்கொடுத்தவன் நான்.

தொடு உணர்வு இல்லாவிட்டால் இசையே இல்லையா என்று கேட்கலாம். ஆர்மோனியக் கட்டைக்கும் தொடு உணர்வு கிடையாதுதான். ஆனால் இன்னொரு கை துருத்தியில் இருக்கிறதே! பாடுகிறவர் குரல் தாழ்ந்தால் துருத்தியும் தாழும். 1935-ல் வந்த ஹேமண்ட் ஆர்கனிலும் கட்டை எல்லாம் ஒரே சத்தம். ஆனால் வலது கால் பெடலில் நின்று சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். கையோ, காலோ, மூச்சோ, உடம்பின் ஏதோ ஒரு பாகம் நாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது விட்டுப்போன இடத்தில்தான் எந்தக் கருவியும் பொம்மையாகிவிடுகிறது.

காசியோவின் எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் இருந்த ரெடிமேட் தாளத்தை வைத்தே 1985-ல் ஜமைக்காவில் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ உருவாகி, ரெகே இசையின் போக்கே மாறியது என்று எனக்கு எதிராக எடுத்துக்காட்டுவார்கள். நடந்தது உண்மை. ஆனால் அந்த இயந்திரத் தாளத்தின் மேல் ஏறி நின்றது வெய்ன் ஸ்மித் என்ற மனிதரின் குரல். உயிர் அங்கே குரலில் இருந்தது.

இன்றைய பாட்டுகளில் நமக்குச் சீப்பாகப் படும் எலெக்ட்ரிக் பியானோவை உன்னித்துக் கேளுங்கள். பெரும்பாலும் எல்லா ஸ்வரமும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேர்க்கோட்டில், இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும். 2000-ல் வந்த டி’ஆஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் அதே ரோட்ஸ் சத்தம் ஏன் மயக்குகிறது? தாளத்துக்குச் சற்றுப் பின்னால், தயங்கித் தயங்கி விழும் விரல்கள் அதில் இருக்கின்றன. ஐம்பது வருடப் பழைய சத்தத்தைப் புதுசாக்கும் வித்தை வேறெதுவும் கிடையாது.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பழைய டோனைத் தேடி எடுப்பது எனக்குச் சந்தோஷம்தான். அவர்களுக்கு டோன் கிடைத்துவிடும். ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டருக்குள் கொட்டிக் கிடக்கிறது. அதை வாசிக்கும் விரல்களைத் தயார் செய்வது நம் வீடுகளில், நம் தெரு கிளாஸ்களில் நடக்க வேண்டிய வேலை.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளையோடு கீபோர்டு வாங்கக் கடைக்குப் போகும்போது, எத்தனை டோன், எத்தனை ஸ்டைல் என்று எண்ணாதீர்கள். ஒரே ஒரு கட்டையை மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நான் இந்த மாதம் அக்கா மகளோடு அதற்குத்தான் போகப்போகிறேன். இந்த முறை தட்டிப் பார்க்கப்போவது அவள்.