வளைவில் முந்துபவர் யார்?

ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் சென்னைக்குப் பேருந்தில் செல்லும் நாம், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டையைக் கடக்கிறோம். 1990-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கார்ப் பந்தயத் திடல் அங்குதான் உள்ளது. அதற்கு முன்னர் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. நம் தமிழகத்தின் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார்.

நேரான பாதையில் யாரும் விரைந்து செல்லலாம். ஓட்டுநரின் திறமை வெளிப்படுவது வளைவில்தான். வளைவில் எந்த வழியாகச் சென்றால் விரைவாகச் செல்லலாம்? "உள்விளிம்பை ஒட்டிச் செல்ல வேண்டும், அதுதானே குறுக்குவழி!" என்றே நாங்களும் முதலில் எண்ணினோம்.

இதைச் சோதிக்க, மைதானத்தில் ஒரு செங்கல்லை மூலையாக வைத்துச் சைக்கிளில் திரும்பிப் பார்த்தோம். செங்கல்லை ஒட்டியே வந்து திரும்பியபோது சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிட்டது. வெளிப்புறமாக வந்து, செங்கல்லை உரசுவதுபோல் நெருங்கி, மீண்டும் வெளிப்புறமாக விலகியபோதோ மிதிப்பதை நிறுத்தவே தேவைப்படவில்லை.

காரணம் என்ன? வண்டி திரும்புவதற்கு மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு. அவ்வுராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. வட்டம் பெரிதானால், அதே உராய்வைக் கொண்டு அதிக வேகத்தில் திரும்பலாம். உராய்வுக் குணகம் 0.8 எனக் கொண்டால், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு சுமார் 32 கி.மீ. வேகமே இயலும். ஆரம் 40 மீட்டரானால் 64 கி.மீ. இயலும். ஆரம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்கு! 'வெளியே, உள்ளே, வெளியே' என்னும் பாதை, சிறிய வளைவைப் பெரிய வட்டமாக்கி விடுகிறது.

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. வாடகைக்கு அதிகம் போனால் மளிகைக்குக் குறையும். பிரேக்கிற்கே அதைச் செலவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சாது; வண்டி சறுக்கும். ஆகவே, தேர்ந்த ஓட்டுநர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து விடுகிறார்.

வளைவை அடுத்து நீண்ட நேர்பாதை இருந்தால் அவர் இன்னும் சற்றுப் பொறுத்துத் திரும்புவார். வளைவின் நடுவைத் தாண்டிய பிறகே உள்விளிம்பைத் தொடுவார். நுழையும்போது சிறிது நேரம் இழந்தாலும், வண்டி முன்னதாகவே நேராகி விடுவதால் ஆக்சிலரேட்டரை முன்னதாகவே அழுத்தலாம். அந்த ஆதாயம் நேர்பாதை முழுவதும் தொடரும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கும் உண்மையே.

ஆனால் ஓர் எச்சரிக்கை! பந்தயத் திடலில் எதிரே வண்டி வராது. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஒவ்வொன்றிலும் எதிரே பேருந்து வரலாம். அங்கே மறுபாதிச் சாலை நமக்கு உரியதன்று. பந்தய வீரரிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுதான்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது.

அதிகாலையில் தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் இருசக்கர வண்டியில் விரையும் அப்பாக்களே, அண்ணன்மாரே! இடப்புறமாகவே, நிதானமாகத் திரும்புங்கள். இறைவன் தந்த உயிர் பந்தயப் பொருளன்று. மாலையில் வாசலில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் நாங்களே.