பாக்கெட்டின் ஜாதகம்

கல்யாணத்துக்கு ஜாதகம் வந்தால் என்ன செய்கிறோம்? பிள்ளை வீட்டார் கொடுத்த கட்டத்தை அப்படியே நம்பிவிடுகிறோமா? நமக்குத் தெரிந்த ஜோசியரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் மறு காரியம்! ஆனால், குழந்தை தினமும் தின்னும் பிஸ்கட்டுக்கும், குடிக்கும் பானத்துக்கும் பாக்கெட்டின் முதுகில் ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறதே, அதை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? படித்தாலும், அதைக் கணித்துக் கொடுத்தவர் பிள்ளை வீட்டார்தான் என்பது நினைவிருக்கிறதா?

ஆம், சகோதரிகளே! அந்த எண்களைச் சர்க்கார் எழுதுவதில்லை, தயாரிப்பாளர்தான் எழுதுகிறார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் என்னென்ன எழுத வேண்டும் என்று விதி வகுக்கிறது. அதிகாரிகள் அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். பாக்கெட்டில் காணும் 14 இலக்க எண், தொழில் நடத்துவதற்கான உரிமத்தின் எண். உள்ளே எழுதியிருப்பதெல்லாம் சத்தியம் என்பதற்கு அது முத்திரை அல்ல.

மலையிலிருந்து வரும் மூன்று சரக்குகள்

2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு ஒரு நடை போய் வருவோம். சுற்றுவட்டாரத்தில் மரவள்ளித் தோட்டங்கள். மேற்கே கல்வராயன் மலை. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி, மலையிலிருந்து சாமையும் தேனும். இந்த மூன்றையும் வைத்தே பாடம் படித்துவிடலாம்.

முதலில் ஜவ்வரிசி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கைக்குழந்தைக்கும் “பலம் வரட்டும்” என்று கஞ்சி வைக்கிறோம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. புரதமோ ஒரு கிராம்கூட இல்லை! முழுக்க முழுக்க மாவுச்சத்துதான். இங்கே லேபிள் உண்மையைத்தான் சொல்கிறது. நாம்தான் காது கொடுப்பதில்லை. பாலோ பருப்போ சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தக் கஞ்சிக்கு நீங்கள் நினைக்கும் பலம் வரும்.

அடுத்தது சாமை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணை, 100 கிராம் சாமையில் சுமார் 10 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருப்பதாகச் சொல்கிறது. ஆனால், பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று தவிட்டை அடியோடு தீட்டிவிட்டால், நார்ச்சத்தும் அதனோடு போய்விடும். பாக்கெட்டில் இருக்கும் எண் புத்தகத்திலிருந்து வந்ததா, அந்த மூட்டையைச் சோதித்து வந்ததா என்பதை லேபிள் சொல்லாது. ஐரோப்பியச் சட்டம்கூட, அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட்டு எழுத அனுமதிக்கிறது. ஆகவே எண்ணைப் பார்ப்பதோடு தானியத்தையும் பாருங்கள். தவிடு போகாத சாமையில் லேசான பழுப்பு நிறம் இருக்கும்.

மூன்றாவது தேன். 2020 டிசம்பரில், டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனிகளின் தேனைச் சோதித்து முடிவை வெளியிட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே மூன்று! சாதாரணச் சோதனைகளுக்கு அகப்படாதபடி தயாரித்த சர்க்கரைப் பாகைக் கலப்பதாக அந்த மையம் குற்றம் சாட்டியது. பெரிய கம்பெனிகள் அதை மறுத்தன. நல்ல தேனிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், பாகிலும் சர்க்கரைதான். கட்டத்திலுள்ள எண்ணைப் பார்த்து இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

எண் பிசகுவதெல்லாம் மோசடியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரே வயலில் விளைந்த தானியத்திலும் சத்து ஏறக்குறையத்தான் இருக்கும். அமெரிக்காவில், அச்சிட்ட கலோரியைவிட 20 சதவிகிதம் வரை அதிகமிருந்தாலும் சட்டம் பொறுத்துக் கொள்கிறது. கலோரிக் கணக்கே, அட்வாட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சராசரிக் கணக்குதான். பாதாம் பருப்பை மனிதர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். லேபிளில் கண்டதைவிடச் சுமார் கால் பங்கு குறைவான கலோரியே உடம்பில் சேர்கிறது என்று 2012-ல் தெரிந்தது!

எண்களைவிட நாம் அதிகம் பயப்பட வேண்டியது, பாக்கெட்டின் முகத்தில் இருக்கும் கொட்டை எழுத்துக்களுக்குத்தான். 2024-ல், செறிவூட்டிய பழரசத்தில் தண்ணீர் சேர்த்துத் தயாரிப்பவர்கள் “100 சதவிகிதப் பழரசம்” என்று போடக் கூடாதென்று ஆணையம் உத்தரவிட்டது. அதே ஆண்டு, மால்ட் பானங்களை “ஆரோக்கிய பானம்” என்ற தலைப்பில் விற்கக் கூடாதென்று இணையக் கடைகளுக்கு மத்திய சர்க்கார் அறிவுறுத்தியது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான சமாசாரம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்கு உயிர் காக்கும் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கலாம். ஆனால் அந்த மூன்றெழுத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்டு, பல மடங்கு சர்க்கரையுள்ள பானங்கள் மருந்துக் கடையிலேயே விற்றன. சர்க்கரை மிகுந்தால் பேதி இன்னும் அதிகமாகும்! ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷங்கள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில்தான், உணவுப் பானங்களின் பெயரில் அந்த எழுத்துக்களே கூடாது என்று ஆணையம் கண்டிப்பாகச் சொன்னது.

சமையலறையிலேயே ஒரு சோதனை

பென்சிலும் காகிதமும் போதும். புரதம், மாவுச்சத்து இரண்டையும் நான்கால் பெருக்குங்கள், கொழுப்பை ஒன்பதால் பெருக்குங்கள், கூட்டுங்கள். 100 கிராம் பிஸ்கட்டில் புரதம் 7, மாவுச்சத்து 72, கொழுப்பு 18 என்று இருந்தால் 28, 288, 162. ஆக 478 கலோரி. அச்சிட்டிருப்பது இதற்குப் பக்கத்தில் இருந்தால் சரி. 400 என்று இருந்தால் ஏதோ கோளாறு! (நார்ச்சத்து நிறைய உள்ள பண்டத்தில் கொஞ்சம் குறையலாம்.)

சர்க்கரைக் கிராமை ஐந்தால் வகுத்தால் எத்தனை தேக்கரண்டி என்று தெரிந்துவிடும். லேபிள் கணக்குக்கு ஆணையம் வைத்திருக்கும் நாளளவு, சேர்த்த சர்க்கரை 50 கிராம். சோடியம் 2000 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. அதாவது நாளெல்லாம் சேர்த்து 5 கிராம்தான். “ஒரு பரிமாறல்” என்ற கட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டே பிஸ்கட்டை ஒரு பரிமாறல் என்று போட்டிருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டோடு நிறுத்துகிறார்களா? 100 கிராம் கட்டத்தையே பாருங்கள்.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். ஒரே சர்க்கரை, “லிக்விட் குளுக்கோஸ்”, “இன்வர்ட் சிரப்” என்று மாறுவேஷம் போட்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்தால், மூன்றையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

லேபிளே வேண்டாமா?

அப்படியும் எண்ணிவிடாதீர்கள். உள்ளே இருப்பது இன்னதென்று எழுதாத பாக்கெட் என்ன செய்யும் என்பதைக் கள்ளக்குறிச்சி கண்டிருக்கிறது. 2024 ஜூனில், மெதனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கு மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்ததே! எழுதியிருப்பதால்தான் பொய்யைப் பிடிக்கவும் முடிகிறது.

பிடிப்பதற்கு நமக்கும் உரிமை உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, சாமான் வாங்கிய யாரும் கடைக்காரருக்குத் தெரிவித்துவிட்டு, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சட்டத்துக்கு மாறாக இருப்பது தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறான லேபிளுக்கு 3 லட்ச ரூபாய் வரை அபராதம். மாவட்டந்தோறும் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் இருக்கிறார். பில்லையும் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்திருந்து புகார் கொடுங்கள்.

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடுகிறோமா? அந்தப் பழக்கத்தைப் பாக்கெட்டுக்கும் கொண்டுவந்துவிட்டால் போதும். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது முகத்தைப் பார்த்து மயங்காமல், முதுகைத் திருப்பிப் படியுங்கள்!