கை கழுவும் பழக்கமும் கை கூப்பும் பண்பும்

தம் பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் எந்தத் தோட்டத்திலும் இலர். அதன் பொருட்டே இருள் பிரியும் முன் எழுந்து பால்மரம் வெட்டச் செல்கின்றோம். புத்தகமும் சீருடையும் வாங்கித் தருகின்றோம். ஆயினும், எழுத்தறியும் முன்னரே ஒரு பிள்ளை கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு உள. ஒன்று, தன் உடலைத் தூய்மையாக வைத்துக் கொள்ளுதல். மற்றொன்று, பிறரோடு பண்புடன் பழகுதல். இவற்றை ஆசிரியர் கற்றுத் தருவார் என்று காத்திருத்தல் தகாது. பள்ளியில் சேரும் முன்னரே பழக்கங்கள் வேரூன்றி விடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத கேடு

அழுக்கு என்பது பார்வைக்கு அருவருப்பானது மட்டுமன்று. அது பிள்ளையின் உடல் நலத்தையும் கல்வியையும் கெடுக்க வல்லது. நாக்குப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டைகள் இடக்கூடியது. அவை மலத்துடன் வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்களில் நோய் தரும் நிலையை அடைகின்றன. மண்ணில் விளையாடும் குழந்தையின் நகத்திடுக்கில் தங்கி, கை வழியே வாய்க்குச் செல்கின்றன.

கொக்கிப் புழுவுக்கோ வாய் வழிகூடத் தேவையில்லை. மலம் கலந்த மண்ணில் வளரும் அதன் குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகுகின்றன. பின்னர் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. பிள்ளை வெளிறிப் போகின்றது, சோர்வடைகின்றது, வகுப்பில் கண்ணயர்கின்றது. படிப்பில் மந்தம் என்று நாம் கடிந்து கொள்ளும் சிறுவன், உண்மையில் இரத்தம் குறைந்த சிறுவனாக இருக்கலாம். அத்தகைய பிள்ளையை அடிப்பதால் பயனில்லை. சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுதலே முறை. அங்கே பெறும் மருந்து வயிற்றிலுள்ள புழுக்களை அழிக்கும். ஆனால், பழைய பழக்கம் மாறாவிடின் அவை மீண்டும் வந்து சேரும்.

1997-ஆம் ஆண்டில் சரவாக் மாநிலத்தில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவியபோது இளங்குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். எச்சில், மூக்குச்சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழியே பரவும் இந்நோய், குழந்தைகள் கூடியிருக்கும் ஆயாக் கொட்டகை போன்ற இடங்களில் விரைந்து தொற்றக் கூடியது. சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் இதனைத் தடுக்கும் வழிகளுள் முதன்மையானது.

ஏவுதல் வேறு, பழக்குதல் வேறு

"போய்க் கை கழுவு" என்று ஏவுவதால் மட்டும் பழக்கம் உண்டாகாது. முதலில் பிள்ளை பார்க்க நாம் செய்தல் வேண்டும். அடுத்து, பிள்ளையோடு சேர்ந்து செய்தல் வேண்டும். பின்னர், பிள்ளை செய்ய நாம் உடனிருந்து பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே தனியே விடலாம். கைக்கெட்டும் உயரத்தில் சவர்க்காரமும் குவளையும் இருத்தல் அவசியம். ஒரே பாத்திரத்து நீரில் அனைவரும் கை முக்குதல் கூடாது. குவளையால் மொண்டு ஊற்றிக் கழுவ வேண்டும். விரலிடுக்கு, நகம், புறங்கை எல்லாம் நுரை படும்படி 20 வினாடிகளேனும் தேய்த்தல் நன்று. மலங்கழித்த பின்னும், உண்ணும் முன்னும், விளையாடித் திரும்பிய பின்னும் இதனைத் தவறாது செய்யப் பழக்குக. வாரம் ஒரு முறை நகம் வெட்டுக. வெளியே செல்லும்போது செருப்பணியச் செய்க. பல் துலக்குவதில் ஏழு, எட்டு வயது வரையிலும் பெரியவர் துணை தேவை.

நாம் வேலைக்காட்டில் இருக்கும் வேளையில் பிள்ளையைப் பார்த்துக் கொள்பவர் பாட்டியோ, அக்காளோ, ஆயாவோ ஆவர். அவர்களும் நாமும் ஒரே முறையைக் கையாண்டால்தான் பிள்ளை குழப்பமின்றிக் கற்கும்.

பெற்றோரே முதற் பாடநூல்

பால் பிசுக்கும் ஒட்டுப்பால் வாடையும் உள்ள கையோடு குழந்தையைத் தூக்கினால், குழந்தை கற்பது அதனைத்தான். வீடு திரும்பியதும் கை, கால், முகம் கழுவி, உடை மாற்றிய பின் குழந்தையை அணைப்பதே சிறந்தது. களைக்கொல்லி தெளித்தவர்கள் முதலில் குளித்துவிட வேண்டும். அவ்வுடைகளைப் பிள்ளைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைத்தலாகாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. பேன் பிடித்த பிள்ளையையும், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளையையும் பிறர் முன்னிலையில் இழித்துப் பேசாதீர்கள். பேன், தலையோடு தலை சேர்வதால் தொற்றுவது. தூய்மையான தலையிலும் அது ஏறும். பேன் சீப்பும் பொறுமையுமே அதற்கு மருந்து. நாணமுற்ற பிள்ளை குறையை மறைக்கக் கற்குமேயன்றித் திருந்தக் கற்காது.

தூய்மையிலிருந்து பண்பு

தூய்மையும் பண்பும் ஒரு மரத்தின் இரு கிளைகள். இருமும்போது வாயை மூடுதல் அடுத்தவரின் நலம் கருதியே. கண்ட இடத்தில் துப்பாமையும், குழாயடியில் வரிசை காத்தலும், கழிவறையைப் பயன்படுத்திய பின் நீரூற்றி விடுதலும் அத்தகையனவே. வாயிலில் காலணியைக் கழற்றுவதும், வலக்கையால் கொடுத்து வாங்குவதும் நமக்கும் மலாய் அண்டை வீட்டாருக்கும் பொதுவான நல்வழக்கங்கள். பெரியவரைக் கண்டால் கை கூப்பி வணக்கம் சொல்லும் பிள்ளை, பிற இனத்தாரை அவர்தம் முறைப்படி வாழ்த்தவும் அறிந்திருத்தல் சிறப்பு. 1970-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்துகின்றது. அதன் தொடக்கப் பள்ளி நம் வீடே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் புகட்ட முயல வேண்டா. இம்மாதம் ஒன்றை மட்டும் தொடங்குவோம். வேலை முடிந்து வந்ததும், பிள்ளையை அழைத்து அருகில் நிறுத்தி, இருவருமாகச் சேர்ந்து கை கழுவுவோம். அது நாள்தோறும் நிகழுமாயின், சொல்லாமலே பிள்ளை செய்யும் நாள் தொலைவில் இல்லை.